பச்சையாகிவிட்டால் போதுமா?
எரிந்துபோன மேய்ச்சல் நிலத்தில் இயற்கைத் தாவரங்களை மீட்கும் அறிவியல்

இந்த வாரம் ஒரு கேள்வியோடு தொடங்குவோம்.

பரந்த நிலம் ஒன்று தீயில் எரிந்து கருகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அங்கே போய்ப் பார்க்கிறீர்கள். நிலம் முழுவதும் புல் முளைத்துப் பச்சைப்பசேலென்று இருக்கிறது. அந்த நிலம் மீண்டுவிட்டதா?

மீண்டுவிட்டது என்றுதான் நம்மில் பலருக்கும் சொல்லத் தோன்றும். சூழலியல் படித்த ஒருவர் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். அவர் மேலும் இரண்டு கேள்விகள் கேட்பார். அங்கே முளைத்திருப்பது என்ன செடி? தீக்கு முன் அங்கு வாழ்ந்த விலங்குகளுக்கு அந்தச் செடியால் பயன் உண்டா?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடி, அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குச் செல்வோம். அங்கே பல லட்சம் ஹெக்டர் நிலத்தில், இழந்த தாவரங்களைத் திரும்பக் கொண்டுவரும் வேலை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. இரண்டிலிருந்தும் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கடலைச் சேராத ஆறுகளின் நாடு

நெவாடா மாநிலத்தின் பெரும்பகுதியும் யூட்டா, ஐடஹோ, ஓரிகன், கலிபோர்னியா மாநிலங்களின் சில பகுதிகளும் சேர்ந்த பெரிய வடிநிலத்திற்குக் கிரேட் பேசின் என்று பெயர். இங்கு ஓடும் ஆறுகள் கடலுக்குப் போவதில்லை. ஏரிகளிலும் உப்புத் தரைகளிலும் கலந்து வற்றிவிடுகின்றன. ஷோஷோனி, பையூட் முதலிய பூர்வகுடி மக்களின் தாயகம் இது.

கோலாலம்பூரில் ஓர் ஆண்டில் 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கிரேட் பேசினின் பல சமவெளிகளில் ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது 150 முதல் 300 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பங்கு குளிர்காலத்தில் பனியாக விழுகிறது. கோடையில் மழை மிகக் குறைவு. ஆகவே அங்குள்ள செடிகளுக்கு ஒரு நெருக்கடி உண்டு. பனி உருகும் வசந்த காலத்தில் மண்ணில் இருக்கும் ஈரத்தைக் கொண்டுதான் அவை ஆண்டு முழுவதும் பிழைக்க வேண்டும்.

இந்தச் சூழலுக்கு நன்கு பழகிய செடிதான் சேஜ்பிரஷ். இடுப்பளவு உயரமுள்ள, சாம்பல் கலந்த பச்சை நிறப் புதர். இதன் அறிவியல் பெயர் ஆர்ட்டமீசியா ட்ரைடென்டேட்டா. ‘ட்ரைடென்டேட்டா’ என்றால் மூன்று பற்கள் உடையது என்று பொருள். இதன் இலை நுனி மூன்றாகப் பிரிந்து பல் போல் இருக்கும். ‘ஆர்ட்டமீசியா’ நமக்கு அந்நியமான பேரினம் அல்ல. மாலை கட்டும்போது மல்லிகையோடு சேர்க்கும் மரிக்கொழுந்து இருக்கிறதே, அதுவும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான். மரிக்கொழுந்தைப் போலவே சேஜ்பிரஷ் இலையைக் கசக்கினாலும் வாசம் கமழும்.

சேஜ்பிரஷின் வேர்கள் மேல்மண்ணிலும் பரவும், ஆழத்திலும் இறங்கும். 1987ஆம் ஆண்டு ரிச்சர்ட்ஸ், கால்ட்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தச் செடியில் வியப்பான ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். பகலில் இலைகள் நீராவிப்போக்கால் நீரை இழக்கின்றன. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. அப்போது ஆழத்து ஈரமண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய நீர், காய்ந்து கிடக்கும் மேல்மண்ணில் கசிகிறது. மறுநாள் அந்த ஈரத்தை அதே செடி பயன்படுத்திக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் சிறு செடிகளுக்கும் கொஞ்சம் கிடைக்கும். நீர்ச்செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்திற்கு நீர் நகரும் என்று நீங்கள் படித்த பாடம்தான் இது.

ஒரு புதரை நம்பி எத்தனை உயிர்கள்?

சேஜ்பிரஷ் நிலத்தில் சுமார் 350 வகை விலங்குகளும் தாவரங்களும் வாழ்வதாகக் கூறப்படுகிறது. அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, குள்ள முயல். வட அமெரிக்காவின் மிகச் சிறிய முயல் இதுதான். முழுதாக வளர்ந்தாலும் எடை அரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. அடர்ந்த சேஜ்பிரஷ் புதர்களுக்கு அடியில் தானே வளை தோண்டி வாழும். குளிர்காலத்தில் அதன் உணவு ஏறக்குறைய முழுவதும் சேஜ்பிரஷ் இலைதான்.

இரண்டாவது, சேஜ் கிரவுஸ் என்ற பறவை. கோழிக்கு உறவான இந்தப் பறவையில் சேவல் 3 கிலோ எடை வரை வளரும். வசந்த காலத்தில், பொழுது விடியும் நேரத்தில், சேவல்கள் திறந்த வெளியில் கூடி, மார்பில் உள்ள மஞ்சள் நிறக் காற்றுப்பைகளை உப்பவைத்து, வால் இறகை விரித்து ஆடும். பெட்டைகள் அங்கு வந்து இணையைத் தேர்ந்தெடுக்கும். இப்படிக் கூடும் இடத்திற்கு லெக் என்று பெயர்.

கோழியின் வயிற்றில் தானியத்தை அரைக்கும் தடித்த தசைப்பை ஒன்று உண்டு. சேஜ் கிரவுஸுக்கு அந்தப் பை அவ்வளவு வலுவானது அல்ல. கடினமான விதைகளை அதனால் அரைக்க முடியாது. அது மென்மையான இலைகளைத் தின்று வாழும் பறவை. பனி மூடிய குளிர்காலத்தில் அதற்குக் கிடைப்பது சேஜ்பிரஷ் இலை மட்டுமே. கற்பூரம் போன்ற வேதிப்பொருள்கள் அடங்கிய அந்த இலையைப் பல விலங்குகளால் அதிகம் தின்ன முடியாது. இந்தப் பறவையோ அதைத் தின்றே குளிர்காலத்தைக் கடக்கிறது. கூடு கட்டுவதும் பெரும்பாலும் அந்தப் புதரின் அடியில்தான்.

ஆனால் புதர் மட்டும் போதாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் எறும்பு, வண்டு, புழு போன்ற பூச்சிகள் வேண்டும். பூச்சிகள் வாழச் சிறு பூச்செடிகள் வேண்டும். கூட்டைப் பருந்து, காகம் ஆகியவற்றின் கண்ணிலிருந்து மறைக்கப் புதரைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வளரும் புல் வேண்டும். ஆக, புதர், கொத்துப்புல், பூச்செடி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இந்தப் பறவையின் வாழ்க்கைச் சுழற்சி முழுமை பெறும். தொடக்கப்பள்ளி அறிவியலில் ‘விலங்குகளின் நீடுநிலவல்’ என்று படித்திருப்பீர்களே, அதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு காலத்தில் 16 மில்லியன் வரை இருந்ததாகக் கணிக்கப்படும் சேஜ் கிரவுஸ்கள் இன்று சில லட்சங்களாகக் குறைந்துவிட்டன. முன்பு வாழ்ந்த நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதியில் இப்போது அவை இல்லை.

ஏமாற்றுப்புல் வந்த கதை

என்ன நடந்தது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறியவர்கள் மாடுகளையும் ஆடுகளையும் பெரும் எண்ணிக்கையில் இங்கு மேயவிட்டார்கள். வசந்த காலத்தில் திரும்பத் திரும்ப மேயப்படுவதை இந்நிலத்துக் கொத்துப்புற்களால் தாங்க முடியவில்லை. செடிகளுக்கு இடையில் மண்ணைப் போர்த்தியிருந்த பாசி, லைக்கன், சயனோபாக்டீரியா ஆகியவற்றாலான மெல்லிய உயிர்ப்படலமும் குளம்படிகளில் நொறுங்கியது. செடிகளுக்கு நடுவே வெற்றிடங்கள் உண்டாயின.

அந்த வெற்றிடங்களில் ஒரு புதிய புல் நுழைந்தது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இருந்து தானியங்களோடு கலந்து வந்த அதன் பெயர் சீட்கிராஸ். ‘சீட்’ என்றால் ஏமாற்றுதல். ஆகவே நாம் அதை ஏமாற்றுப்புல் என்றே அழைப்போம். 1930 வாக்கில் அது அப்பகுதியின் பெரும்பாலான இடங்களுக்குப் பரவிவிட்டது. அமெரிக்கச் சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்ட், 1949இல் வெளிவந்த தம் நூலில் இந்தப் புல்லைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்.

அதன் வெற்றிக்குக் காரணம் அதன் கால அட்டவணை. உள்ளூர்ப் புற்கள் வசந்தத்திற்காகக் காத்திருக்கும்போது, ஏமாற்றுப்புல் முந்தைய இலையுதிர் காலத்திலேயே முளைத்துவிடும். குளிர்காலத்திலும் அதன் வேர் மெல்ல வளரும். பனி உருகும்போது மண்ணின் ஈரத்தை மற்றவை தொடங்குவதற்கு முன்பே உறிஞ்சிவிடும். கோடையின் தொடக்கத்தில் விதைகளை உதிர்த்துவிட்டுக் காய்ந்து, இடைவெளி இல்லாத வைக்கோல் விரிப்பாக நிற்கும்.

முன்பு புதருக்கும் புதருக்கும் நடுவே வெறும் மண் இருந்ததால் தீ எளிதில் தாவாது. அதே இடம் மீண்டும் எரிவதற்கு ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு மேல்கூட ஆகும். இப்போது வைக்கோல் விரிப்பின் மேல் ஒரு மின்னல் விழுந்தால் போதும். ஏமாற்றுப்புல் அடர்ந்த சில இடங்களில் பத்து ஆண்டுகளுக்குள்ளேயே மறுபடியும் தீப்பிடிக்கிறது.

சேஜ்பிரஷுக்கு இது பேரிடி. சில செடிகள் எரிந்த பின் அடித்தண்டிலிருந்து துளிர்க்கும். இந்தச் செடி துளிர்ப்பதில்லை. எரிந்தால் செத்துவிடும். ஏமாற்றுப்புல்லோ மண்ணில் தப்பிய விதைகளிலிருந்து அடுத்த பருவமே முளைத்துவிடும். புல் பெருகினால் தீ பெருகும். தீ பெருகினால் புதர் அழியும். புதர் அழிந்த இடத்தில் மேலும் புல் பெருகும். விளைவே காரணத்தை வலுப்படுத்தும் இத்தகைய சுழலை நேர்மறைப் பின்னூட்டம் என்பார்கள். ‘நேர்மறை’ என்றவுடன் நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

இதே போன்ற சுழல் நம் வட்டாரத்திலும் உண்டு. வெட்டவெளியில் லாலாங் புல் அடர்ந்து வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும். மேலே எரிந்தாலும் மண்ணுக்கடியில் படர்ந்திருக்கும் தண்டுகள் தப்பி மீண்டும் தழைக்கும். ஆனால் அந்தத் தீயில் மரக்கன்றுகள் கருகிவிடும். நிழல் தரும் மரம் வளர்ந்தால் லாலாங் ஒடுங்கிவிடும். அந்த மரத்தை வளரவிடாமல் தடுப்பதே தீதான்.

முதல் முயற்சி: பச்சை வந்தது, பறவை வரவில்லை

நிலம் பாழாவதைக் கண்டு அமெரிக்க அரசு சும்மா இருக்கவில்லை. 1930களுக்குப் பின் பல லட்சம் ஹெக்டரில் ‘கிரெஸ்டட் வீட்கிராஸ்’ என்ற புல்லை விதைத்தார்கள். ஆசியாவின் வறண்ட புல்வெளிகளைச் சேர்ந்தது அது. விதை எளிதாகக் கிடைத்தது. நன்றாக முளைத்தது. மண் அரிப்பைத் தடுத்தது. மாடுகளுக்குத் தீவனமும் ஆனது. ஏமாற்றுப்புல்லோடு போட்டியிடும் வலுவும் அதற்கு இருந்தது.

அந்தக் காலத்தின் நோக்கத்திற்கு அது பொருத்தமான விடைதான். ஆனால் பல இடங்களில் அந்த ஒரே புல் மட்டும் நிலைத்து, உள்ளூர்ச் செடிகள் திரும்பி வர இடம் கொடுக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை. குள்ள முயலுக்கு அங்கே ஒளிவதற்குப் புதர் இல்லை. சேஜ் கிரவுஸுக்குக் குளிர்கால உணவு இல்லை. தொடக்கத்தில் சூழலியலாளர் கேட்ட இரண்டாவது கேள்வி இப்போது விளங்குகிறதா? நிலத்தை மூடுவது ஒரு வேலை. வாழிடத்தை உருவாக்குவது வேறு வேலை.

விதைக்கும் ஊர் உண்டு

சரி, சேஜ்பிரஷ் விதையையே தூவிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். சிக்கல் விதையிலேயே தொடங்குகிறது.

சேஜ்பிரஷ் விதை மிக நுண்ணியது. ஒரு கிராமில் நாலாயிரம் விதைகள்கூட அடங்கும். இவ்வளவு சிறியதாக இருந்தும் அது வெகுதூரம் பறப்பதில்லை. பெரும்பாலான விதைகள் தாய்ச்செடியிலிருந்து சில மீட்டருக்குள்ளேயே விழுகின்றன. ஒரு கணக்குப் போடுவோம். தப்பிப் பிழைத்த புதர்களிலிருந்து எரிந்த நிலத்தின் நடுப்பகுதி 10 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைமுறைச் செடியும் 10 மீட்டர் முன்னேறினால், நடுப்பகுதியை அடைய 1,000 தலைமுறைகள் வேண்டும். ஒரு தலைமுறைக்கு நான்கு ஆண்டுகள் என்றாலும் 4,000 ஆண்டுகள்! அதற்குள் எத்தனை முறை தீப்பிடித்திருக்கும்? பெரிய தீக்குப் பிறகு மனிதர்கள் விதைத்தே ஆக வேண்டிய காரணம் இதுதான்.

விதைகள் இலையுதிர் காலத்தின் இறுதியில் முற்றுகின்றன. சேகரிப்பவர்கள் குளிரில் புதர் புதராகச் சென்று, கிளைகளை மட்டையால் தட்டி, விதைகளைத் தட்டில் ஏந்துகிறார்கள். ஈரம் நீக்கிக் குளிரில் வைத்தால் விதை தாங்கும். சாதாரணக் கிடங்கில் கிடந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் முளைக்கும் திறனை இழந்துவிடும். எந்த ஆண்டு எவ்வளவு நிலம் எரியும் என்று யாருக்குத் தெரியும்? தேவை வரும்போது விதை இருக்க வேண்டும், அதே சமயம் விதை கெட்டுப்போகவும் கூடாது.

அடுத்து, எந்த விதை என்ற கேள்வி. சேஜ்பிரஷில் மூன்று முக்கியத் துணையினங்கள் உண்டு. ஒன்று ஆழமான மண் உள்ள பள்ளத்தாக்கில் வளர்வது. இன்னொன்று வறண்ட தாழ்ந்த சமவெளிக்கு உரியது. மற்றொன்று குளிர்ந்த மலைச்சரிவைச் சேர்ந்தது. மலைச்சரிவில் எடுத்த விதையை வறண்ட சமவெளியில் தூவினால், செடி முளைத்தாலும் கோடையைத் தாங்காமல் போகக்கூடும்.

மூன்றும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் அடையாளம் காண்பது கடினம். அதற்கு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையைப் பயன்படுத்துகிறார்கள். இலையை நீரில் ஊறவைத்து அதன்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சுவார்கள். மலைச்சரிவுத் துணையினமாக இருந்தால் நீர் பளிச்சென்று நீலமாக ஒளிரும். மற்ற இரண்டிலும் அந்த ஒளிர்வு மங்கலாகவே இருக்கும். இலையில் உள்ள வேதிப்பொருள்களின் வேறுபாடே இதற்குக் காரணம்.

‘சரியான விதை, சரியான இடம், சரியான நேரம்’ என்பதை இலக்காகக் கொண்டு 2015இல் அமெரிக்கா தேசிய விதைத் திட்டம் ஒன்றை வெளியிட்டது.

பனிக்கு முன் ஒரு போட்டி

அதே 2015, ஆகஸ்டு மாதம். ஐடஹோ, ஓரிகன் மாநில எல்லையில் மின்னலால் ஒரு தீ மூண்டது. சோடா தீ என்று பெயர் பெற்ற அது ஏறத்தாழ 113,000 ஹெக்டர் நிலத்தை எரித்தது. இது சிங்கப்பூரைப் போல் ஒன்றரை மடங்கு பரப்பு. எரிந்தவற்றில் சேஜ் கிரவுஸ்கள் வாழ்ந்த நிலமும் அடங்கும். இந்தப் பறவைக்கு ஒரு குணம் உண்டு. பழகிய இடம் எரிந்துபோனாலும் பெட்டைகள் பெரும்பாலும் அந்த இடத்திற்கே கூடு கட்டத் திரும்பி வரும். ஒளிந்துகொள்ளப் புதர் இல்லாத நிலத்தில் முட்டையிடும். ஆகவே தாமதம் ஆக ஆக இழப்பும் கூடும்.

ஏமாற்றுப்புல் இலையுதிர் காலத்திலேயே முளைக்கும் என்று பார்த்தோம். எனவே அதற்கு முன்பே மீட்புப் பணி தொடங்கியாக வேண்டும். புற்களின் விதைகளை டிராக்டர் இழுக்கும் விதைப்பு இயந்திரம் மண்ணில் சிறு பள்ளம் கீறி உள்ளே இடுகிறது. சேஜ்பிரஷ் விதை முளைக்க ஒளி வேண்டும். ஆழமாகப் புதைத்தால் பயன் இல்லை. ஆகவே அதை மண்ணின் மேற்பரப்பிலேயே, பல நேரம் விமானத்திலிருந்து தூவுகிறார்கள். மேலே விழும் பனி விதையை மண்ணோடு அழுத்தி, உருகும்போது ஈரத்தையும் தருகிறது.

இங்கே இன்னொரு சிக்கல். ஏமாற்றுப்புல் முளைக்காமல் தடுக்க இமாசாபிக் போன்ற களைக்கொல்லியைத் தெளிக்கிறார்கள். முளைக்கும் விதையைக் கொல்லும் மருந்துக்கு, இது நண்பன், இது பகைவன் என்று பார்க்கத் தெரியாது. நாம் விதைத்த நல்ல விதையும் அதில் பாதிக்கப்படும். மருந்தின் வீரியம் குறையும்வரை ஓராண்டு காத்திருக்கலாம். காத்திருந்தால் விதைக்க உகந்த பருவம் ஒன்று கைநழுவிப் போகும்.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட ஒரு வழி, உங்கள் வேதியியல் பாடத்தோடு தொடர்புடையது. மீன்தொட்டி வடிகட்டியில் கறுப்பாக இருக்கும் செயலூட்டப்பட்ட கரியைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் நுண்துளைகளின் பரப்பில் பல வேதிப்பொருள்கள் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பரப்புக்கவர்ச்சி என்று பெயர். நல்ல விதைகளை இந்தக் கரி கலந்த சிறு உருண்டைகளுக்குள் வைத்து விதைக்கிறார்கள். களைக்கொல்லி வந்தால் உருண்டையில் உள்ள கரி அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் விதை தப்பி முளைக்கிறது. வெளியே இருக்கும் ஏமாற்றுப்புல் விதைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த முறை இன்னும் எல்லா இடங்களிலும் பயன்பாட்டுக்கு வரவில்லை என்றாலும் ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியிருக்கிறது.

விதை முளைக்காத இடங்களில் நாற்றுகளைக் கையால் நடுகிறார்கள். இந்த நாற்றுகளில் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? சிறைச்சாலையிலிருந்து. 2014இல் ஓரிகன் மாநிலத்தின் ஸ்நேக் ரிவர் சிறையில் கைதிகளுக்குச் சேஜ்பிரஷ் வளர்க்கப் பயிற்சி அளிக்கும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது வேறு மாநிலச் சிறைகளுக்கும் பரவியது. விதையிட்டு, நீரூற்றி, கைதிகள் வளர்த்த நாற்றுகள் எரிந்த நிலங்களில் நடப்படுகின்றன.

நட்ட பின் நிலத்திற்கு ஓய்வும் தேவை. பொதுவாக இரண்டு வளர்பருவங்களுக்கு மாடுகளை அங்கே மேயவிடுவதில்லை. மாடு வளர்ப்பவர்கள் அதுவரை வேறு மேய்ச்சல் இடமோ தீவனமோ தேட வேண்டும். நிலத்தை மீட்பதற்கான விலையில் அவர்களும் ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள்.

வெற்றியை எப்படி அளப்பது?

எத்தனை டன் விதை தூவினோம் என்பது வெற்றியின் அளவு ஆகாது. அது நாம் செய்த வேலையின் அளவு மட்டுமே. எத்தனை செடி நிலைத்தது என்பதுதான் கேள்வி.

அதற்கு அவர்கள் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று நீங்கள் பள்ளியில் கற்ற குவாட்ரட் முறை. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் சட்டத்தை நிலத்தில் 20 இடங்களில் வைத்து எண்ணுகிறீர்கள். மொத்தம் 10 சேஜ்பிரஷ் நாற்றுகள் கிடைக்கின்றன. அப்படியென்றால் சராசரியாக ஒரு சதுர மீட்டருக்கு 0.5 நாற்று. ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆகவே ஹெக்டருக்குச் சுமார் 5,000 நாற்றுகள்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. நாற்று அடர்ந்திருக்கும் இடமாகப் பார்த்துச் சட்டத்தை வைத்தால் எண்ணிக்கை ஏறிவிடும். அதனால்தான் இடங்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வலியுறுத்துகிறோம். ஒரே ஆண்டு எண்ணுவதும் போதாது. முதல் வசந்தத்தில் முளைத்த நாற்று, முதல் கோடையிலேயே காய்ந்துபோகலாம்.

செடியை எண்ணிய பிறகு விலங்கையும் எண்ண வேண்டும். வசந்த கால விடியலில் லெக்குகளுக்குச் சென்று ஆடும் சேவல்களை எண்ணுகிறார்கள். நிலத்தில் கிடக்கும் எச்சங்களைக் கொண்டு பறவைகளும் முயல்களும் அங்கே வந்தனவா என்று கணிக்கிறார்கள். செடி வளர்ந்து, பல ஆண்டுகள் கழிந்தும் விலங்கு வராவிட்டால், ஏதோ ஒன்று இன்னும் குறைகிறது என்று பொருள். அது பூச்செடியாக இருக்கலாம். பக்கத்துப் புதர்நிலத்தோடு தொடர்பு இல்லாததாகவும் இருக்கலாம்.

இருப்பதைக் காப்பதே முதல் வேலை

இவ்வளவு அறிவியலும் உழைப்பும் இருந்தும், விதைத்த நிலங்களில் பல தோற்றுப்போகின்றன. விதைத்த ஆண்டில் பனி குறைந்தால் நாற்று பிழைப்பதில்லை. மழை மிகக் குறைந்த, வெப்பமான தாழ்நிலங்களில் தோல்வி அதிகம். குளிர்ந்த, ஈரம் சற்றுக் கூடுதலான உயர்நிலங்களில் வெற்றி அதிகம். முளைத்துத் தப்பினாலும், பறவை ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் புதர் வளரப் பல ஆண்டுகள், சில இடங்களில் இருபது முப்பது ஆண்டுகள் ஆகும்.

இன்னொரு பக்கம் இழப்பு நிற்கவில்லை. 2022இல் அமெரிக்க அரசு ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் நல்ல நிலையில் இருந்த சேஜ்பிரஷ் நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் ஹெக்டர் வீதம் சீர்கெட்டு வந்ததாகக் கூறுகிறது. இந்த வேகத்தில் விதைத்து ஈடுகட்ட முடியாது. ஆகவே அந்த அறிக்கை ஒரு வரிசையைப் பரிந்துரைக்கிறது. இன்னும் நல்ல நிலையில் உள்ள பகுதிகளை முதலில் காக்க வேண்டும். பிறகு அவற்றின் ஓரங்களிலிருந்து மெல்ல விரித்து மீட்க வேண்டும். முற்றிலும் கெட்டுப்போன இடத்தின் நடுவில் தொடங்கினால் செலவு அதிகம், பலன் குறைவு.

அறுவை சிகிச்சை செய்து குணப்படுத்தலாம் என்பதற்காக யாரும் நோயை வரவழைத்துக்கொள்வதில்லை அல்லவா? ‘அழித்தால் என்ன, பிறகு மரம் நட்டுக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால், இந்தச் சேஜ்பிரஷ் நிலத்தை எடுத்துச் சொல்லுங்கள். விதை எங்கே கிடைக்கும், எந்தத் துணையினம், எந்த மாதத்தில் விதைப்பது, எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது என்று கேளுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டுக்கோ பள்ளிக்கோ அருகில், முன்பு வெட்டிச் சுத்தம் செய்யப்பட்டு இப்போது பச்சையாகிவிட்ட காலி இடம் ஏதாவது இருக்கும். ஆசிரியரோடோ பெற்றோரோடோ பாதுகாப்பாகச் சென்று, கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் அமைத்துப் பத்து இடங்களில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை வகைச் செடிகள், எத்தனை பூச்சிகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். லாலாங் மட்டுமே உள்ள சதுரத்தையும் பல செடிகள் கலந்த சதுரத்தையும் ஒப்பிடுங்கள். பூச்சிகளின் எண்ணிக்கையில் வேறுபாடு உண்டா? மூன்று மாதம் கழித்து அதே இடங்களில் மீண்டும் எண்ணுங்கள்.

அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு, கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு உங்கள் ஊர் நிலத்தைப் பற்றி நீங்களே விடை எழுதுங்கள்: அது பச்சையாக மட்டும் இருக்கிறதா, அல்லது யாருக்காவது வீடாகவும் இருக்கிறதா?